பிஎம்பி தேர்வு: படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்களின் சிறு குழு ஒன்றை வாரக் கடைசிகளில் நடத்துகிறேன். ஒவ்வொரு முறை புதியவர்கள் சேரும்போதும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எண்கள் எல்லாம் 2021 ஜனவரியில் அறிமுகமான தேர்வு அமைப்பின்படி தரப்பட்டவை. 2026 ஜூலையில் அடுத்த மாற்றம் வருவதாகத் தேர்வை நடத்தும் பிஎம்ஐ அறிவித்திருக்கிறது. அதனால் உங்கள் தேர்வுத் தேதிக்கு எந்தப் பாடத்திட்டம், எந்த விதிமுறைக் கையேடு பொருந்தும் என்று பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.

பிஎம்பி என்றால் என்ன? யார் நடத்துகிறார்கள்?

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல் என்பதன் சுருக்கம். 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட், அதாவது பிஎம்ஐ, 1984 முதல் இந்தச் சான்றிதழை வழங்கிவருகிறது. கட்டுமானம், மென்பொருள், மருத்துவம், வங்கி என்று எந்தத் துறையில் இருப்பவரும் எழுதலாம். ஒரு குறிப்பிட்ட மென்பொருளையோ கருவியையோ தெரிந்திருக்க வேண்டிய தேர்வு இல்லை.

நான் டீம் லீட்தான். மேனேஜர் என்ற பதவியே எனக்கு இல்லை. எழுத முடியுமா?

முடியும். பதவியின் பெயரை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் ப்ராஜெக்டை வழிநடத்தினீர்களா என்பதுதான் கேள்வி. நான்கு ஆண்டுப் பட்டம் இருந்தால் 36 மாத அனுபவம், பட்டம் இல்லாமல் பள்ளிப் படிப்போ டிப்ளமோவோ இருந்தால் 60 மாத அனுபவம். அது கடந்த 8 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். அதோடு 35 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சியும் வேண்டும்.

வேலையைத் திட்டமிட்டது, ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தது, கெடுவைக் கண்காணித்தது, ரிஸ்க்கைக் கையாண்டது, வாடிக்கையாளரிடம் பேசி முடிவெடுத்தது எல்லாம் வழிநடத்துவதுதான். சொன்ன வேலையை மட்டும் செய்துகொடுத்த காலம் இதில் வராது. எங்கள் குழுவில் தகுதி இல்லை என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்ட ஒருவர், உட்கார்ந்து கணக்கெடுத்தபோது 50 மாதத்துக்கு மேல் இருந்தது. கணக்குப் போடாமல் முடிவு கட்டாதீர்கள்.

ஒரே சமயத்தில் மூன்று ப்ராஜெக்ட் பார்த்தேன். மூன்று மடங்காகக் கணக்கு வைக்கலாமா?

கூடாது. ஒரு நாட்காட்டி மாதம் ஒரு முறைதான் கணக்கில் வரும், அந்த மாதத்தில் எத்தனை ப்ராஜெக்ட் ஓடினாலும் சரி.

எனக்கு இன்னும் அவ்வளவு அனுபவம் இல்லை. அதுவரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

பிஎம்ஐயே நடத்தும் சிஏபிஎம் என்ற நுழைவுநிலைச் சான்றிதழ் இருக்கிறது. அதற்கு அனுபவம் தேவையில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும். 150 கேள்விகள், 3 மணி நேரம். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால், பின்னால் பிஎம்பிக்கு விண்ணப்பிக்கும்போது 35 மணி நேரப் பயிற்சியைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆறேழு மாதத்தில் 36 மாதம் நிறைந்துவிடும் என்றால் காத்திருந்து நேராக பிஎம்பிக்கே போங்கள். இரண்டுக்கும் பணமும் உழைப்பும் செலவிடும் அளவுக்கு அவசியம் இல்லை என்பது என் கருத்து.

அப்ளிகேஷனில் அனுபவத்தை எப்படி எழுதுவது? ஆடிட் வந்தால் என்ன ஆகும்?

ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஒரு சின்னப் பத்தி: ப்ராஜெக்டின் நோக்கம், உங்கள் பங்கு, நீங்கள் செய்த முக்கிய வேலைகள், கிடைத்த விளைவு. பலர் தங்கள் நிறுவனம் என்ன செய்தது என்று எழுதிவிட்டுத் தாங்கள் என்ன செய்தோம் என்பதை விட்டுவிடுகிறார்கள். “கட்டண முறையை மாற்றும் ப்ராஜெக்ட் நடந்தது” என்று எழுதாமல், “ஏழு பேர் கொண்ட டீமை வழிநடத்தினேன், வேலை அட்டவணை தயாரித்தேன், மாற்றக் கோரிக்கைகளை மதிப்பிட்டேன்” என்று எழுதுங்கள்.

ஆடிட்டுக்கு, அதாவது அப்ளிகேஷனில் எழுதியதைச் சரிபார்ப்பதற்கு, ஆட்களைக் குலுக்கல் மாதிரிதான் எடுப்பார்கள். உங்கள்மேல் சந்தேகம் என்று அர்த்தம் இல்லை. பட்டச் சான்றின் நகல், பயிற்சிச் சான்றிதழ், அனுபவத்தை உறுதிசெய்பவரின் கையெழுத்து, இவற்றை அனுப்ப 90 நாள் அவகாசம் உண்டு. எனவே அப்ளிகேஷனை அனுப்புவதற்கு முன்பே பழைய மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆடிட் அறிவிப்பு வந்த பிறகு, ஐந்து வருஷமாகப் பேசாத ஒருவரைத் தேடிப்பிடிப்பது பெரும் பாடு.

தேர்வு எப்படி இருக்கும்?

180 கேள்விகள், 230 நிமிடம். அவற்றில் 5 கேள்விகள் பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டவை, மதிப்பெண் கிடையாது. எவை அந்த ஐந்து என்று உங்களுக்குத் தெரியாது. மக்கள் சார்ந்த பகுதிக்கு 42 சதவீதம், செயல்முறைக்கு 50, வணிகச் சூழலுக்கு 8. அறிவிக்கப்பட்டிருக்கும் மாற்றத்தில் இந்தக் கடைசிப் பகுதி 26 சதவீதமாக உயர்கிறது. புதிய அமைப்பில் எழுதுபவர்கள் விதிமுறைக்கு உட்படுதல், ப்ராஜெக்டால் கிடைக்கும் பயன், நிறுவனத்துக்குள் வரும் மாற்றம் போன்ற தலைப்புகளைக் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைக்க முடியாது.

பாதியளவு கேள்விகள் வழக்கமான திட்டமிட்ட முறையிலிருந்தும், மீதி, வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்து காட்டும் அஜைல் மற்றும் இரண்டும் கலந்த ஹைப்ரிட் முறையிலிருந்தும் வரும். பெரும்பாலானவை நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். இரண்டு மூன்று விடைகளைத் தேர்வது, பொருத்துவது, படத்தில் சரியான இடத்தைச் சொடுக்குவது போன்றவையும் உண்டு.

பிம்பாக் கைடை முழுசா மனப்பாடம் பண்ணணுமா? எந்தப் பதிப்பு?

மனப்பாடம் வேண்டாம். பிம்பாக் என்பது பிஎம்ஐ வெளியிடும் திட்ட மேலாண்மை வழிகாட்டி நூல். 2017இல் வந்த அதன் ஆறாம் பதிப்பில் 49 செயல்முறைகள், 10 அறிவுப் பகுதிகள். எது எதற்குள் போகிறது என்று அட்டவணை போட்டு உருவேற்றுவது பழைய காலத்து முறை. 2021இல் வந்த ஏழாம் பதிப்பு அந்த வடிவத்தையே விட்டுவிட்டு 12 கொள்கைகள், 8 செயல்திறன் களங்கள் என்று மாறிவிட்டது. தேர்வு எந்த ஒரு பதிப்பையும் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை. பாடத்திட்டமாக பிஎம்ஐ இலவசமாக வெளியிடும் தேர்வு உள்ளடக்க வரையறை ஒன்று இருக்கிறது. அதுதான் அடிப்படை.

என்னைக் கேட்டால், அந்த வரையறையை அச்செடுத்து, ஒவ்வொரு பணிக்கும் எதிரே உங்கள் வேலையிலிருந்து ஓர் உதாரணம் எழுதுங்கள். உதாரணம் கிடைக்காத இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம்.

எத்தனை நாள் படித்தால் போதும்?

வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்கு இரண்டரை முதல் மூன்று மாதம் சரியாக வருகிறது. நாளுக்கு ஒன்றரை மணி, வாரக் கடைசியில் கொஞ்சம் கூட. முதல் பாதியை பாடத்துக்கும் பின் பாதியை மாக் டெஸ்டுக்கும் விடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தால் முதலில் படித்தது மறந்து, திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். அப்ளிகேஷன் ஏற்கப்பட்டதும் தேதியைப் பதிவுசெய்துவிடுங்கள். தேதி இல்லாத படிப்பு நகராது.

ஃபார்முலா எத்தனை தெரிஞ்சிருக்கணும்? எனக்குக் கணக்கு வராது.

பயப்பட வேண்டாம், கணக்குக் கேள்விகள் குறைவு. ஆனால் ஏர்ன்ட் வேல்யூ, அதாவது முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிடும் முறை, மட்டும் தெளிவாகப் புரிந்திருக்க வேண்டும். மொத்த பட்ஜெட் 1000 என்று வையுங்கள். இன்றைய தேதிக்குள் 500 மதிப்புள்ள வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 400தான். செலவானதோ 450. முடிந்த மதிப்பைச் செலவால் வகுத்தால் 0.89, அதாவது செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 89 காசு வேலைதான் நடந்திருக்கிறது. முடிந்த மதிப்பைத் திட்டமிட்ட மதிப்பால் வகுத்தால் 0.8, அதாவது கெடுவில் பின்தங்கியிருக்கிறோம். இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 1000ஐ 0.89ஆல் வகுத்தது, ஏறத்தாழ 1125.

ஒன்றுக்குக் கீழே என்றால் மோசம், மேலே என்றால் நல்லது. இதைப் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு வகுக்கவே வேண்டாம். அப்புறம், கிரிட்டிக்கல் பாத், அதாவது ப்ராஜெக்டின் மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் மிக நீண்ட வேலைத் தொடர், எது என்று கண்டுபிடிப்பது, டீமில் ஆள் கூடினால் தகவல் தொடர்பு வழிகள் எப்படிக் கூடுகின்றன என்பது. 5 பேர் என்றால் 10 வழிகள், 10 பேர் என்றால் 45. எண்ணிக்கையை அதற்கு ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் விடை.

நாலு விடையில் ரெண்டு சரியாகவே தெரியுது. எதைப் போடுறது?

இந்தத் தேர்வின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஓர் உதாரணம்: முக்கியமான ஸ்டேக்ஹோல்டர் ஒருவர், அதாவது ப்ராஜெக்டில் அக்கறை உள்ளவர், புதிய வசதி ஒன்றைக் கேட்கிறார். ஒப்புதல் பெற்ற ஸ்கோப்பில், அதாவது செய்ய ஒப்புக்கொண்ட வேலைகளின் எல்லைக்குள், அது இல்லை. ப்ராஜெக்ட் மேனேஜர் முதலில் என்ன செய்ய வேண்டும்? விடைகள்: டீமிடம் சொல்லிச் செய்யச் சொல்வது, ஸ்கோப்பில் இல்லை என்று மறுப்பது, மாற்றத்தின் பாதிப்பை மதிப்பிடுவது, மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அனுப்புவது.

முதல் இரண்டும் உடனே விழுந்துவிடும். மீதி இரண்டும் செய்ய வேண்டியவைதான். ஆனால் கேட்டது முதலில் என்ன என்று. எவ்வளவு நாள் கூடும், எவ்வளவு செலவு கூடும் என்று தெரியாமல் குழுவுக்கு எதை அனுப்புவது? ஆகவே மதிப்பிடுவதுதான் விடை. அதே கேள்வியில் “டீமோடு பாதிப்பை மதிப்பிட்டுவிட்டார், அடுத்து என்ன” என்று இருந்தால் விடை குழுவுக்கு அனுப்புவது. இரண்டு சரியான செயல்களில் எது முன்னால் வரும் என்பதைத்தான் சோதிக்கிறார்கள். ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், பெஸ்ட் ஆகிய மூன்று சொற்களில் எது இருக்கிறது என்று பார்க்காமல் விடையைத் தொடாதீர்கள்.

ஒரு பழக்கம் சொல்கிறேன். நீளமான கேள்வி என்றால் கடைசி வரியை முதலில் படியுங்கள். கேட்பது எது என்று தெரிந்த பிறகு மேலே போய்ச் சூழலைப் படித்தால், எது தேவையான தகவல், எது சும்மா நிரப்பியது என்று தானே பிரிந்துவிடும்.

எனக்குப் பதினைந்து வருஷ அனுபவம். ஆனா மாக் டெஸ்டில் 55 சதவீதம் தாண்டவே இல்லை. ஏன்?

அனுபவம்தான் காரணம். நான் முதல் முறை எழுதியபோது தோற்றேன். மக்கள் பகுதியில் இலக்குக்குக் கீழே என்று வந்தது. பத்து வருஷம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவனுக்கு அது பெரிய அடி. திரும்பிப் பார்த்தபோது புரிந்தது, நான் கேள்விகளுக்கு என் அலுவலக வழக்கப்படி பதில் போட்டிருக்கிறேன். நாங்கள் எந்தச் சிக்கலையும் உடனே மேலே தள்ளிவிடுவோம். அங்கே அது நடைமுறை. தேர்வில் அது பெரும்பாலும் தவறு.

டீமில் இரண்டு பேருக்குள் சண்டை, வேலை தாமதமாகிறது என்று ஒரு கேள்வி வரும். அவர்களுடைய துறை மேலாளரிடம் சொல்வது, ஒருவரை மாற்றுவது, கொஞ்ச நாள் பார்ப்பது, இரண்டு பேரையும் உட்காரவைத்துக் காரணத்தைப் பேசுவது என்று நான்கு விடைகள். கடைசியானதுதான் சரி. பிஎம்ஐ மனத்தில் வைத்திருக்கும் ப்ராஜெக்ட் மேனேஜர் சிக்கலைத் தானே நேரில் எதிர்கொள்பவர். முதலில் நிலைமையைப் புரிந்துகொள்வார், பிறகு டீமோடு சேர்ந்து தீர்வு தேடுவார், தன் அதிகாரத்துக்கு மீறியது என்றால் மட்டும் ப்ராஜெக்டுக்குப் பணமும் ஆதரவும் தரும் ஸ்பான்சரிடம் போவார். கட்டளை போடுவதைவிட டீமின் தடைகளை நீக்கித் தருவதைத் தன் வேலையாக நினைப்பார். கேள்வியைப் படிக்கும்போது உங்களை மறந்துவிட்டு அந்த மனிதராக உட்காருங்கள்.

இது தேர்வுக்கு மட்டுமான நடிப்பு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாம் முறைக்குப் படித்தபிறகுதான், நான் மேலே தள்ளிய பல விஷயங்களை ஒரு பேச்சில் முடித்திருக்கலாம் என்று தெரிந்தது.

கேள்வி அஜைலா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொற்களைப் பாருங்கள். ஸ்பிரிண்ட் (சில வாரச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), ப்ராடக்ட் ஓனர் (அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பானவர்), ரெட்ரோஸ்பெக்டிவ் (சுற்று முடிவில் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) என்று வந்தால் அஜைல். பேஸ்லைன் (ஒப்புதல் பெற்ற மூலத் திட்டம்), மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு, ஸ்கோப் ஸ்டேட்மென்ட் என்று வந்தால் திட்டமிட்ட முறை. சூழல் மாறினால் விடையும் மாறும். மேலே பார்த்த புதிய வசதிக் கேள்வியையே எடுங்கள். ஸ்பிரிண்ட் நடுவில் ஒருவர் வந்து கேட்கிறார் என்றால் மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவும் இல்லை, படிவமும் இல்லை. ப்ராடக்ட் ஓனரிடம் பேசச் சொல்வீர்கள். அவர் பேக்லாகில் சேர்த்து முன்னுரிமை கொடுப்பார், நடக்கும் ஸ்பிரிண்டின் இலக்கை யாரும் கலைக்க மாட்டார்கள்.

சில கேள்விகளில் எந்தச் சொல்லும் இருக்காது. அங்கே இரண்டு முறைக்கும் பொதுவான நடத்தையைத் தேடுங்கள்: பேசுவது, காரணம் அறிவது, பதிவுசெய்வது.

ரிஸ்க்கும் இஷ்யூவும் ஒன்றுதானே? எதற்கு இவ்வளவு பிரித்துப் பேசுகிறார்கள்?

ரிஸ்க் நடக்கலாம், இஷ்யூ நடந்துவிட்டது. சப்ளையர் தாமதிக்கக்கூடும் என்பது ரிஸ்க். அதை ரிஸ்க் பதிவேட்டில் எழுதி மாற்று வழி வைத்திருப்பீர்கள். சப்ளையர் தாமதித்துவிட்டார் என்று கேள்வி சொன்னால், பதிவேட்டில் ஏற்கெனவே வைத்த மாற்று வழியைச் செயல்படுத்துவதுதான் விடை. அங்கே போய் “ரிஸ்க்கைக் கண்டறிவது” என்ற விடையைப் போடுகிறவர்கள் நிறைய. எதிர்பாராததாக இருந்தால் இஷ்யூ பதிவேட்டில் எழுதித் தீர்வு தேட வேண்டும்.

எவ்வளவு மார்க் எடுத்தால் பாஸ்? மாக் டெஸ்ட் எத்தனை போடணும்?

தேர்ச்சி மதிப்பெண்ணை பிஎம்ஐ வெளியிடுவதில்லை. முடிவில் ஒவ்வொரு பகுதிக்கும் இலக்குக்கு மேலே, இலக்கில், இலக்குக்குக் கீழே, முன்னேற வேண்டும் என்று நான்கு நிலைகளில் ஒன்றுதான் வரும். 61 சதவீதம், 65 சதவீதம் என்று சுற்றிவரும் எண்களுக்கு ஆதாரம் இல்லை. எங்கள் குழுவில் நாங்கள் வைத்திருக்கும் அளவு, இதுவரை பார்க்காத மாக் டெஸ்டில் 70 முதல் 75 சதவீதம். ஒரே டெஸ்டை மூன்றாம் முறை எழுதி 90 எடுத்தால் அது உங்கள் நினைவாற்றலுக்கு வந்த மார்க்.

முழு நீள டெஸ்ட் மூன்று நான்கு போதும். டெஸ்ட் எழுத நான்கு மணி என்றால், தவறுகளைப் பார்க்க இன்னொரு நான்கு மணி ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு தவறுக்கும் காரணம் எழுதுங்கள்: விஷயம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, அலுவலக வழக்கம் வந்து குறுக்கே நின்றதா. பத்து நாளில் உங்கள் பலவீனம் எழுத்தில் தெரியும். என் நோட்டில் முக்கால்வாசி மூன்றாம் வகை.

தேர்வில் வந்த கேள்விகள் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். தேர்வு எழுதுபவர் ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார். மீறினால் மதிப்பெண்ணோ சான்றிதழோ ரத்தாகலாம். பிஎம்ஐயின் நெறிமுறை பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்ற நான்கின்மேல் நிற்கிறது. தேர்விலேயே அதைப் பற்றிக் கேள்விகள் வரும். அப்படி விற்கப்படும் தொகுப்புகளில் விடைகளும் பலமுறை தவறாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

நேரம் போதவில்லை. கடைசி இருபது கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

60 கேள்விக்கு ஒரு முறை 10 நிமிட இடைவேளை, மொத்தம் இரண்டு. அது 230 நிமிடத்தில் சேராது. இடைவேளைக்குப் போய்விட்டால் முந்தைய 60 கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு பகுதியையும் தனித் தேர்வாக நினைத்து 76 நிமிடம் கொடுங்கள். முதல் பகுதி முடியும்போது திரையில் 154 நிமிடம் இருக்க வேண்டும், இரண்டாவது முடியும்போது 78. ஒரு கேள்வியில் இரண்டு நிமிடம் தாண்டினால் ஒரு விடையைப் போட்டு, குறியிட்டு, நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை என்பதால் எதையும் காலியாக விடக் கூடாது.

இடைவேளையை விடாதீர்கள். மூன்றாம் பகுதியில்தான் களைப்பு ஏறி, கடைசி வரியைப் படிக்காமல் விடை போடத் தொடங்குவோம்.

வீட்டிலிருந்து எழுதுவது நல்லதா, மையத்துக்குப் போவதா?

நான் மையத்தைத்தான் சொல்வேன். வீட்டில் எழுதும்போது கேமரா வழியாகக் கண்காணிப்பார்கள், மேசை காலியாக இருக்க வேண்டும், அறைக்குள் யாரும் வரக் கூடாது, காகிதத்தில் எழுத முடியாது, திரையில் உள்ள பலகைதான். வாய்விட்டுக் கேள்வியைப் படிக்கும் பழக்கம் இருந்தால் எச்சரிக்கை வரும். இணையம் அறுந்தால் மனம் கலங்கிவிடும். தனி அறையும் நிலையான இணைப்பும் இருக்கிறது, மையம் வெகு தூரம் என்றால் மட்டும் வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கிலீஷ் எனக்கு அவ்வளவு சரளமா வராது. அதனால தோத்துடுவேனோ?

தேர்வு தமிழில் இல்லை. ஆனால் பயன்படுத்தும் சொற்கள் ஒரு வட்டத்துக்குள்தான் சுற்றும். மிட்டிகேட், எஸ்கலேட், ஃபெசிலிடேட், கொலாபரேட் போன்ற வினைச்சொற்களுக்குச் சரியான பொருள் தெரிந்தால் பெரும்பகுதி கடந்துவிடலாம். மாக் டெஸ்டில் தடுக்கிய சொற்களைத் தமிழில் பொருள் எழுதிச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எங்கள் குழுவில் அப்படிச் செய்த ஒருவரின் பட்டியல் 140 சொற்களோடு நின்றுவிட்டது. அதற்குமேல் புதிதாக எதுவும் வரவில்லை.

தோற்றால்?

அப்ளிகேஷன் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை எழுதலாம். மறுதேர்வுக் கட்டணம் முதல் கட்டணத்தைவிடக் குறைவு. மூன்றிலும் தோற்றால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். தோற்ற மறுநாளே தேதி போடாதீர்கள். நான்கு நிலை முடிவை எடுத்துவைத்துக்கொண்டு எந்தப் பகுதி கீழே என்று பாருங்கள். அந்தப் பகுதியில் உங்கள் தவறு நோட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் ஐந்தாறு வாரம் அதில் மட்டும் உட்கார்ந்தால் போதும், முதலிலிருந்து எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை.

பாஸ் ஆயிட்டேன். இதோட முடிஞ்சுதா?

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 60 பிடியூ, அதாவது தொழில் வளர்ச்சிக்கான புள்ளிகள், சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரக் கற்றல் ஒரு பிடியூ. குறைந்தது 35 கற்றலிலிருந்து வர வேண்டும். மீதி 25 வரை வேலை செய்வது, பிறருக்குக் கற்பிப்பது, கட்டுரை எழுதுவது மூலம் வரலாம். கடைசி மாதத்தில் அள்ளிச் சேர்க்க நினைக்காமல், கலந்துகொண்ட ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அன்றே பிஎம்ஐ கணக்கில் பதிந்துவிடுங்கள். புதியவர்கள் படிக்கும் குழுவில் வந்து ஒரு பாடம் எடுத்தாலும் அது கணக்கில் சேரும். எங்கள் குழுவில் இப்போது பாடம் எடுப்பவர்களில் நால்வர், முதலில் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள்.